ஹூஸ்டன் ஓ.டி.சி.: முதல் தடவை போகிறவர்களுக்கு

"அடுத்த மே மாசம் ஓ.டி.சி.க்கு நீ போயிட்டு வா" என்று மேலாளர் சொன்னதும் நான் செய்த முதல் காரியம் விமான டிக்கெட் விலை பார்த்தது. பார்த்திருக்க வேண்டியது பாஸ்போர்ட்டில் என் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதை. காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் கடலில் எண்ணெய் எடுக்கும் மிதவை மேடைகளின் நங்கூரச் சங்கிலிகளுக்குக் கணக்குப் போடுவது என் வேலை. ஓ.டி.சி. என்றால் ஆஃப்ஷோர் டெக்னாலஜி கான்ஃபரன்ஸ்; கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் துறையின் மாநாடும் கண்காட்சியும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடக்கும் அதற்கு இதுவரை மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை பெட்டி நிறையப் பேனாக்களும் துணிப்பைகளும் வந்தன. அலுவலகத்தில் "என்னப்பா தெரிஞ்சுகிட்டு வந்தே?" என்று கேட்டபோது சொல்ல அதிகம் இல்லை. அடுத்த இரண்டு தடவையும் அப்படி ஆகவில்லை. நடுவில் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

ஓ.டி.சி. என்பது என்ன

1969இல் தொடங்கியது. தனி ஒரு நிறுவனத்தின் விழா கிடையாது. பெட்ரோலியப் பொறியாளர்களின் எஸ்.பி.இ., இயந்திரவியலாரின் ஏ.எஸ்.எம்.இ., கட்டுமானப் பொறியாளர்களின் ஏ.எஸ்.சி.இ., கப்பல் கட்டுவோரின் எஸ்.என்.ஏ.எம்.இ. என்று பல சங்கங்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். பெரும்பாலும் மே மாத முதல் வாரம், திங்கள் முதல் வியாழன் வரை. இடம் நகரின் தெற்கே இருக்கும் என்.ஆர்.ஜி. பார்க். பழைய ஆட்களில் சிலர் இன்னும் ரிலையன்ட் என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வட்டமான பெரிய கட்டடம்தான் 1965இல் திறந்த ஆஸ்ட்ரோடோம்.

கூட்டத்தின் அளவு எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். விலை பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த 2014இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். விலை சரிந்த பின் 2016இல் வந்தவர்கள் 68,000 பேர் அளவில்தான். 2020இல் கொரோனாவால் நடக்கவே இல்லை; 2021இல் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. அண்மை வருடங்களில் முப்பதாயிரத்தைச் சுற்றி வருகிறது. "இப்ப எல்லாம் பழைய ஓ.டி.சி. மாதிரி இல்லப்பா" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். புதிதாகப் போகிறவருக்கு இது லாபம் என்பேன். கூட்டம் குறைந்த அரங்கில்தான் ஒரு மூத்த பொறியாளர் உங்களோடு இருபது நிமிடம் நின்று பேசுவார்.

முதல் வேலை: மூன்று கேள்விகள்

மாநாட்டில் வாசிக்கும் கட்டுரைகள் எல்லாம் பின்னால் ஒன்பெட்ரோ என்ற இணையத்தளத்தில் கிடைக்கும். அதைப் படிக்க ஒன்றரை லட்ச ரூபாய் செலவழித்துப் பறக்க வேண்டியதில்லை. கட்டுரையில் எழுத முடியாத விஷயங்களுக்காகத்தான் போகிறோம். அதனால் கிளம்புவதற்கு மாதங்கள் முன்பே, உங்கள் வேலையில் நீங்கள் முட்டி நிற்கும் மூன்று கேள்விகளை எழுதி வையுங்கள். "ஆழ்கடல் தொழில்நுட்பத்தின் எதிர்காலம்" என்ற மாதிரிக் கேள்வி உதவாது. "இந்த அளவுச் சங்கிலியில் பத்து வருடத் துரு அரிப்பை நேரில் அளந்தவர்கள் யார், கணக்குக்கும் அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம்?" என்ற மாதிரி இருக்க வேண்டும்.

எங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம். அங்கோலாக் கரைக்கு அப்பால் கடலில் கிராசோல் எண்ணெய் வயலில் கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்ற ஒரு மிதவை நிறுத்தினார்கள். பல்லாண்டு தாங்கும் என்று கணக்கிட்ட அதன் நங்கூரச் சங்கிலிகள், போட்டு ஒரு வருடம் ஆகும் முன்பே, 2002இல் அறுந்தன. இழுவிசைக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் கோளாறு இல்லை. மிதவை அலைக்கு அலை ஆடும்போது, மிதவையோடு சேரும் இடத்தில் இருக்கும் கண்ணிகள் ஒன்றோடொன்று உருள வேண்டும். ஆனால் அதிக இழுவிசையில் அவை இறுகிப்போய், உருளாமல் கம்பி மாதிரி வளைந்தன. ஒவ்வொரு அலைக்கும் ஒரு வளைவு. உலோகம் சோர்ந்து விரிசல் விட்டது. இதை மறைக்காமல் 2005 ஓ.டி.சி.யில் கட்டுரையாக வைத்தார்கள். அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் காசு போட்டுக் கூட்டு ஆய்வு நடத்தி, இன்று நாங்கள் கையாளும் வழிகாட்டிகளில் இந்த வளைவுச் சோர்வு ஒரு தனிக் கணக்காக இருக்கிறது.

கவனியுங்கள்: அறுந்தது 2002, கட்டுரை 2005. நடுவில் இருந்த மூன்று வருடமும் அந்த விஷயம் ஆட்களின் தலைக்குள் மட்டும்தான் இருந்திருக்கும். இப்போதும் யாரோ ஒருவர் தலைக்குள் அப்படி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்தவர் போனால்தான் பயணத்துக்குப் பலன்.

கட்டுரை கொடுப்பதாக இருந்தால்

மே மாத மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் கேட்பது முந்தைய வருடமே தொடங்கிவிடும். செப்டம்பர் வாக்கில் முடியும். சில நூறு சொற்கள்தான், எழுதுவது இரண்டு நாள் வேலை. அனுமதி வாங்குவதுதான் மாதக் கணக்கு. வடிவமைப்பு அலுவலகத்தில் நாம் போடும் கணக்குக்குச் சொந்தக்காரர் எண்ணெய் நிறுவனம். அவர்கள் எழுத்தில் சம்மதம் தராமல் ஒரு எண்ணைக்கூட வெளியே சொல்ல முடியாது. "மேலே கேட்டுச் சொல்றேன்" என்று வாடிக்கையாளர் தரப்பில் சொல்வது மூன்று மாதம் இழுக்கும். அதனால் சுருக்கம் எழுதும் முன்பே அனுமதி கேட்கும் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். முழுக் கட்டுரையைக் கெடுவுக்குள் தராவிட்டால் மேடை கிடையாது. அப்புறம், கட்டுரையில் விளம்பர வாடை அடிக்கக் கூடாது. கம்பெனி பெயரையும் பொருளின் பெயரையும் வரிக்கு வரி போட்டால் திருப்பி அனுப்புவார்கள். பேசப் போகிறவருக்கும் பதிவுக் கட்டணம் உண்டு என்பதை மேலாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

விசாவும் பெயரும்

பேச்சாளராக இல்லாவிட்டாலும் ஆறேழு மாதம் முன்பே விசா வேலையைத் தொடங்குங்கள். பி1 என்ற அலுவல் பயண விசாவுக்கான நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். மாதக் கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். சென்னையில் கைரேகைக்கு ஒரு நாள், ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு ஒரு நாள் என்று இரண்டு நாள் போகும். மாநாட்டுக்குப் பதிவு செய்தவர்கள் அழைப்புக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதை அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். ஹூஸ்டன் விமான நிலையத்தில் அதிகாரிகளும் அதைக் கேட்கக்கூடும். சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, இணையத்தில் வாங்கும் எஸ்டா பயண அனுமதி போதும். மலேசியர்களுக்கு நம்மைப் போலவே விசா வேண்டும்.

இப்போது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்த இடம் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயரின் இடத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்து வரும். "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. டிக்கெட், விசா, அழைப்புக் கடிதம் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஆனால் கழுத்தில் மாட்டும் பேட்ஜில் எந்தப் பெயர் பெரிதாக வர வேண்டும் என்று பதிவுப் படிவத்தில் தனியாகக் கேட்பார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. நாலு நாளும் வெள்ளைக்காரர்கள் எல்லாம் சிரித்த முகத்தோடு என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரே பெருமை.

பதிவு

முழு மாநாட்டுக்கு ஒரு கட்டணம், கண்காட்சிக்கு மட்டும் என்றால் அதைவிடக் குறைவு. நடத்தும் சங்கங்களில் ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இருந்தால் தள்ளுபடி உண்டு. மாணவர்களுக்கு இன்னும் குறைவு. சீக்கிரம் பதிவு செய்கிறவர்களுக்குச் சலுகைக் கெடு ஒன்று இருக்கும். காலை, மதிய விருந்துக் கூட்டங்கள் சிலவற்றுக்குத் தனி டிக்கெட். முதல் தடவை அதில் ஒன்று போதும். பெரிய நிறுவனத் தலைவர்கள் அங்கே பேசுவது அடுத்த நாள் செய்தித்தாளில் வந்துவிடும்.

தங்கும் இடம்: கேட்டியில் இருக்கும் தம்பி வீடு

நம் ஆட்கள் எல்லோருக்கும் ஹூஸ்டனில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். அவர் வீடு கேட்டியிலோ சுகர்லேண்டிலோ, தள்ளியுள்ள ஏதாவது ஒரு புறநகரில் இருக்கும். "ஹோட்டல் எதுக்கு, நம்ம வீடு இருக்கறப்ப?" என்று அன்போடு கூப்பிடுவார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்துவிடுங்கள். முதல் வருடம் நான் கேட்டியில் சித்தி மகன் வீட்டில் தங்கினேன். சாப்பாடு அருமை. ஆனால் திங்கள் காலை இடி மழையில் நெடுஞ்சாலை நத்தை மாதிரி நகர, நான் கேட்கப் போன முதல் அமர்வு பாதி முடிந்த பிறகுதான் உள்ளே நுழைந்தேன். மாலையில் எல்லோரும் பேசிக்கொண்டு கலையும் நேரத்தில் நான் தம்பியின் காருக்காக வாசலில் நின்றேன். பாதி மாநாடு அந்த மாலைகளில்தான் நடக்கிறது. தம்பி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள்.

தங்க வேண்டியது மெட்ரோரயிலின் சிவப்புப் பாதையை ஒட்டி. நகர மையத்திலிருந்து அருங்காட்சியகப் பகுதி, மருத்துவ மையம் வழியாக நேரே என்.ஆர்.ஜி. பார்க் வரும். டிக்கெட் 1.25 டாலர். மருத்துவ மையத்தைச் சுற்றி ஹோட்டல்கள் நிறைய. அரங்கம் அங்கிருந்து நாலைந்து நிறுத்தம்தான். மாநாட்டு வாரத்தில் விலை ஏறும் என்பதால் பிப்ரவரிக்குள் எடுத்துவிடுங்கள். பன்னாட்டு விமானங்கள் இறங்கும் ஜார்ஜ் புஷ் விமான நிலையம் நகரின் வடக்கே, அரங்கம் தெற்கே. மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

எப்போது போய் இறங்குவது

சனிக்கிழமை. மே மாதத்தில் ஹூஸ்டன் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே மதியம் இரண்டு மணி என்றால் நம் உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. மதிய உணவுக்குப் பிறகு விளக்கை அணைத்த அறையில் யாராவது வரைபடம் காட்டிக்கொண்டிருந்தால் எப்பேர்ப்பட்ட ஆர்வமும் தூங்கிவிடும். முக்கியமான அமர்வுகளைக் காலையிலும், கண்காட்சி நடையை மதியத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கிறவனுக்குத் தூக்கம் வராது.

ஞாயிறு அன்றே போய் பேட்ஜை வாங்கிவிடுங்கள்; திங்கள் காலை வரிசை நீளும். மிச்ச நேரத்துக்குத் தெற்கே பியர்லேண்டில் மீனாட்சி அம்மன் கோவில் இருக்கிறது. கோபுரம், பிரகாரம் எல்லாம் நம்மூர் மாதிரியே. வார இறுதியில் அங்கே கேன்டீனும் உண்டு. ரயில் போகாது, கார் வேண்டும். மாநாடு திங்களில் தொடங்குவதால் இட்லி சாப்பிட இந்த ஒரு நாள்தான் வாய்ப்பு.

பையில் என்ன

நடந்து பழகிய ஷூ, புதிது வேண்டவே வேண்டாம். வெளியே முப்பது டிகிரி புழுக்கம், உள்ளே குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும். ஒரு கோட்டோ ஸ்வெட்டரோ கையில் இருக்கட்டும். டை கட்ட வேண்டியதில்லை. சிறு நோட்டு, பேனா, பேட்டரி பேக், விசிட்டிங் கார்டு நூறு. சைவக்காரர்கள் நாலு பாக்கெட் முந்திரியோ கடலை மிட்டாயோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சாப்பாட்டு வரிசையும் நீளம், விலையும் அதிகம்.

அமர்வுகளில்

ஒரே நேரத்தில் பல அறைகளில் வாசிப்பு நடக்கும். எல்லாவற்றுக்கும் ஓட முடியாது. மாநாட்டுச் செயலியில் உங்கள் மூன்று கேள்விகளோடு ஒட்டும் கட்டுரைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நாலு போதும். முந்தின இரவு அந்தக் கட்டுரைகளின் முடிவுரையையும் படங்களையும் மட்டுமாவது பார்த்துவிடுங்கள். பேச்சாளருக்குக் கிடைப்பது இருபது நிமிடம் போல. கட்டுரையைப் படிக்காமல் போய் உட்கார்ந்தால் அவர் வேகத்துக்கு ஒன்றும் பிடிபடாது.

மைக்கில் கேள்வி கேட்கத் தயக்கமாக இருந்தால் கேட்க வேண்டாம். அமர்வு முடிந்ததும் பேச்சாளர் மேடைக்குக் கீழே ஐந்து நிமிடம் நிற்பார். அங்கே போங்கள். "உங்கள் பதினோராவது படத்தில் மூன்றாவது ஆண்டில் அந்த வளைகோடு ஏன் திரும்புகிறது?" என்று கேட்டவரை யாரும் மறக்க மாட்டார்கள். எனக்கு இரண்டாம் தடவை கிடைத்த மிக முக்கியமான தகவல் அப்படி வந்ததுதான்: "அது சங்கிலி இல்லை, அந்த வருடம் அளக்கும் கருவியையே மாற்றினோம்." கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை.

2010 ஏப்ரல் 20ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை வெடித்துப் பதினொரு பேர் இறந்தார்கள். இரண்டு வாரத்தில், கிணறு இன்னும் கடலுக்குள் எண்ணெயைக் கக்கிக்கொண்டிருந்தபோதே, ஹூஸ்டனில் அந்த வருட ஓ.டி.சி. கூடியது. கட்டுரைகள் எல்லாம் மாதங்களுக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டவை. எழுத்து எப்போதும் நடப்புக்குப் பின்னால்தான் வரும். இதற்காகவே, நடைவழியில் வீணாகும் அரை மணி நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கண்காட்சியில்

என்.ஆர்.ஜி. சென்டரின் கண்காட்சித் தளம் ஒரே மட்டத்தில் ஏழு லட்சம் சதுர அடி. முதல் நாள் எங்கேயும் நிற்காமல் ஒரு சுற்று நடந்து, எது எங்கே என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நார்வே, பிரிட்டன், சீனா என்று நாடுகளின் பெயரில் தனிப் பகுதிகள் இருக்கும். சின்னச் சின்ன நிறுவனங்கள் அங்கேதான் ஒதுங்கியிருப்பார்கள். சுவாரசியமான பொருட்களை நான் பார்த்தது பெரும்பாலும் அவர்களிடம்.

கணினித் திரையில் கோடாகவே பார்த்த பொருட்களை அங்கே தொட்டுப் பார்க்கலாம். குறுக்கே வெட்டி வைத்த வளையும் குழாயில் எஃகுச் சுற்றும் பிளாஸ்டிக் அடுக்கும் மாறி மாறி இருப்பது, கடலடிக் கிணற்றின் மேல் உட்காரும் வால்வுத் தொகுதியின் உயரம், ஆள் கை நீளத்துக்கு ஒரு சங்கிலிக் கண்ணி. பத்து வருடம் கணக்குப் போட்ட பிறகு அந்தக் கண்ணியைக் கையால் தடவியபோதுதான் எனக்கு உறைத்தது, நான் விட்டம் என்று தட்டிக்கொண்டிருந்த எண் எவ்வளவு கனம் என்று. மெக்சிகோ வளைகுடாவில் 2024இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய ஆங்கர் என்ற ஆழ்கடல் திட்டத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 20,000 பவுண்டு அழுத்தம் தாங்கும் கருவிகள் வேண்டியிருந்தது. அந்த வகை வால்வின் சுவர் தடிமனை நேரில் பார்த்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் புரியும்.

ஸ்டாலில் முன்னால் நிற்பவர் விற்பனைக்காரராக இருப்பார். நல்ல மனிதர், ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அவரிடம் இருக்காது. "இதை வடிவமைத்தவர் யாராவது வந்திருக்கிறார்களா, எப்போது இருப்பார்?" என்று கேளுங்கள். பின்னால் காபியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் காட்டுவார்கள். அவரோடு பேச வியாழன் காலை தோதான நேரம். செவ்வாய், புதனில் நெரிசல். வியாழன் மதியத்துக்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். நடுவில் அந்த இரண்டு மூன்று மணி நேரம் அமைதியாக இருக்கும்.

படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பேட்ஜை ஸ்கேன் செய்யக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு விளம்பர மின்னஞ்சல் வரும். அதற்கென்றே தனி முகவரி ஒன்றைப் பதிவில் கொடுப்பது உத்தமம். உங்கள் பக்கத்திலும் வாயைக் கட்டுங்கள். நடக்கும் டெண்டரைப் பற்றியோ வாடிக்கையாளரின் கிணற்றைப் பற்றியோ காபி குடிக்கும் இடத்தில் பேச வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் பேட்ஜைத் திருப்பிப் போட்டிருக்கலாம்.

ஹூஸ்டன் கட்டுப்படி ஆகாவிட்டால்

ஓ.டி.சி. ஏஷியா 2014 முதல் கோலாலம்பூரை மையமாக வைத்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. சென்னையிலிருந்து நாலு மணி நேரம், தங்கும் செலவு குறைவு, சாப்பாட்டுக் கவலையே இல்லை. சொந்தக் காசில் போகிறவர்களும் மாணவர்களும் அங்கே தொடங்கலாம். ஆராய்ச்சிப் பக்கம் சாய்ந்தவர்களுக்கு ஏ.எஸ்.எம்.இ. நடத்தும் ஓ.எம்.ஏ.இ. என்ற மாநாடு நல்லது. அது ஊர் ஊராக நகரும். 2024இல் சிங்கப்பூருக்கு வந்தது. கண்காட்சி ஆரவாரம் கிடையாது, பேராசிரியர்கள் அதிகம்.

திரும்பும்போது

ஒவ்வொரு கார்டின் பின்னாலும், வாங்கிய அந்த நிமிடமே, எங்கே பார்த்தோம், என்ன பேசினோம் என்று இரண்டு சொல் எழுதிவிடுங்கள். மூன்றாம் நாள் எல்லா முகமும் ஒன்றாகிவிடும். நன்றி மின்னஞ்சல்களை விமானத்திலேயே எழுதி வையுங்கள். "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" மட்டும் போதாது. நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன வரைபடமோ கட்டுரையோ கூடவே போக வேண்டும். அறிக்கையை மூன்று கட்டமாகப் போடுங்கள்: போகும்போது இருந்த கேள்வி, கிடைத்த பதிலும் சொன்னவரும், நம் கணக்கில் மாற வேண்டியது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள், மேலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டாக்ஸி, ரயில், சாப்பாட்டு ரசீதுகளைத் தினமும் இரவு கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். அங்கே தரும் ரசீதுத் தாளில் மை சென்னை வெயிலுக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. வெள்ளைத் தாளை நீட்டினால் கணக்குப் பிரிவு காசு தராது.